வீடா, வார்டா, ஹாஸ்பிஸா: புற்றுநோய்க் குழந்தையின் கடைசி வாரங்களை எங்கே கழிப்பது

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் "ஆதரவு சிகிச்சை மட்டும்" என்று எழுதியிருக்கும். இனி நோயைக் குணமாக்க முடியாது, வலியையும் தொல்லைகளையும் குறைப்பது மட்டுமே என்று அதற்குப் பொருள். எழுதிய டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருப்பார். அதில் பெற்றோரின் காதில் விழுந்தது முதல் இரண்டு நிமிடம்தான். மீதியை வெளியே வந்து என்னைப் போன்றவர்களிடம் கேட்பார்கள். "இனிமேல் எங்கே வைத்துப் பார்ப்பது, சிஸ்டர்? ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா? இல்லை, இங்கேயே ஒரு பெட் கேட்டுப் பார்க்கட்டுமா?"

பதினான்கு ஆண்டுகளாக வட மாவட்டங்களில் வீடு வீடாகப் போய்வரும் நோய் ஆதரவுச் செவிலி நான். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். குழந்தைகள் குறைவுதான், ஆனால் மறக்காமல் நினைவில் நிற்பவர்கள் அவர்கள்தான். வீட்டுக்குப் போகிறவள் என்பதால் என் பேச்சு வீட்டுப் பக்கம் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

வீடு, வார்டு, ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளிகளைத் தங்கவைத்து வலியும் தொல்லையும் குறையப் பார்த்துக்கொள்ளும் இல்லம்) என்ற இடங்களை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை வலியில் துடித்து எழுந்தால், கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கிறதா? அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள் விழித்திருக்கிறாரா? சந்தேகம் வந்தால் போனை எடுக்க மறுமுனையில் யாராவது உண்டா? கட்டடம் எவ்வளவு பெரியது, ஏசி உண்டா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். பல குடும்பங்கள் பகல் பன்னிரண்டு மணியை மனத்தில் வைத்து முடிவெடுக்கின்றன. பகலில் எந்த இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும்.

இடத்துக்கு முன்னால்: இன்னொரு கீமோ வேண்டுமா?

இந்தக் கேள்வியைத் தீர்க்காமல் இடத்தைத் தீர்க்க முடியாது. வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் சென்னைக்கு வர வேண்டும் என்றால், செங்கத்தில் இருக்கும் வீடு வீடாக இருக்காது. இரண்டு பஸ் பயணங்களுக்கு நடுவே தூங்குகிற இடமாகிவிடும்.

"மாத்திரை கீமோதானே, வீட்டிலேயே கொடுக்கலாமே" என்பார்கள். குறைந்த அளவில் தினமும் வாய்வழி கொடுக்கும் கீமோவை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 108 குழந்தைகளிடம் முறைப்படி சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் போன கட்டிகள் உள்ள குழந்தைகள் அவர்கள். பாதிப் பேருக்கு நான்கு மருந்துகள், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நோய் மறுபடி வளர்வதற்கு ஆன காலத்தில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்குப் பலன் இருந்திருக்கலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு. ஆகவே "கொடுக்கவே கூடாது" என்று நான் சொல்ல மாட்டேன். கொடுப்பதென்றால் அதற்காகக் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம். வாந்தி, வாய்ப்புண், ஊசிக்குத்து வருகிற அன்றைக்கே நிறுத்தும் துணிவும் இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு வேறு கணக்கு. எலும்பில் பரவிய கட்டி வலிக்கு ஒரே ஒரு அமர்வு கதிர் கொடுத்து அனுப்பும் முறை இருக்கிறது. ஊருக்குக் கிளம்புமுன் அது உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஒரு நாள் வேலை, பல வார நிம்மதி.

நாட்டு மருந்து பற்றியும் கேட்பார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. பத்தியத்துக்கு மட்டும் தடை சொல்வேன். புளி கூடாது, உப்பு கூடாது, கறி கூடாது என்று ஒரு மாதம் கஞ்சி குடித்த ஒன்பது வயதுப் பையன், நான் போனபோது கேட்டது பரோட்டாவும் சால்னாவும். அவன் தின்றது கால் பரோட்டா. அதை அவன் அப்பா முக்கால் மணி நேரம் ஊட்டினார்.

நோயும் இடத்தைச் சொல்லும்

எல்லாக் குழந்தைக்கும் ஒரே விடை கிடையாது என்பதை நான் கற்றது ஒரு தவறில்தான். வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு. பதினொரு வயதுப் பையன். தொடை எலும்பில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்கு ஏறியிருந்தது. "வீட்டுக்குப் போகணும்" என்று அவன் கேட்டான். நானும் அவன் பக்கம் நின்று பேசி அனுப்பிவைத்தேன். வலிக்கு மருந்து கொடுத்தோம். மூச்சுத்திணறல் வரும் என்று யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. ஒரு நள்ளிரவில் அது வந்தது. அப்பா பைக் ஓட்ட, அம்மா பின்னால் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போயிருக்கிறார்கள். கேஷுவாலிட்டியில் இருந்தவர்களுக்கு அவன் யாரென்றே தெரியாது. செயற்கை மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட்டார்கள். மூன்று நாள் கழித்து அவன் போனான், யாரோடும் பேசாமல்.

அதன் பிறகு நோயின் பெயரைக் கேட்காமல் நான் இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

மூளைக்கட்டி, முக்கியமாக மூளைத்தண்டில் வருவது, பெரும்பாலும் வீட்டில் பார்க்கக்கூடியது. குழந்தை மெல்ல மெல்லத் தூக்கத்துக்குள் போகும். விழுங்குவது சிரமமாகும், பேச்சு குழறும், வலிப்பு வரலாம். வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே இருக்கிறது. அதை அடிக்கப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். தலைவலிக்கும் வாந்திக்கும் ஸ்டீராய்டு உதவும். முகம் ஊதுவதையும் பசியும் கோபமும் எகிறுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் "பிள்ளையின் முகமே மாறிவிட்டதே" என்று பாட்டி உடைந்துபோவார்.

ரத்தப்புற்றுநோயில் தொல்லை வேறு: ரத்தக்கசிவும் காய்ச்சலும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்து ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும். தட்டணு ஏற்றினால் சில நாள் தெம்பு கிடைக்கும். ரத்தவங்கியில் தட்டணுப் பையின் ஆயுளே ஐந்து நாள்தான். கிராமத்தில் அது கைக்குக் கிடைக்காது. ஏற்றிக்கொண்டே இருக்க விரும்பும் குடும்பம் நகரத்துக்குப் பக்கத்தில், உறவினர் வீட்டிலாவது தங்குவது நல்லது. "இனி ஏற்ற வேண்டாம்" என்று முடிவெடுத்தவர்கள் ஊருக்குப் போகலாம். அவர்களிடம் அடர்நிறத் துண்டு நாலைந்து வாங்கிவைக்கச் சொல்வேன், மெரூனோ கருநீலமோ. வெள்ளைத் துணியில் ஒரு ஸ்பூன் ரத்தமும் ஒரு குடம் போலத் தெரியும், குழந்தை மிரண்டுவிடும்.

நுரையீரலுக்குப் பரவியவை, மேலே சொன்ன பையனுடையது போல, வீட்டில் பார்க்கக் கடினமானவை. முடியாதவை அல்ல. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் என்ற மருந்து மூச்சுத்திணறலுக்கும் கேட்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. முகத்துக்கு நேரே ஒரு சின்ன மேசைவிசிறி வைத்தால் அதுவும் கேட்கும். ஆக்ஸிஜன் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் அது மின்சாரத்தில் ஓடுவது. மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். தொலைதூரக் கிராமம், ஒற்றைப் பெற்றோர், நுரையீரல் நோய் மூன்றும் சேர்ந்தால் வீட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

வீடு

வீட்டின் பலம் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. நாய்க்குட்டி இருக்கும். தங்கையோடு சண்டை போடலாம். ஆயா கால் பிடித்துவிடுவார். அதன் பலவீனத்தைச் சொல்கிறேன்: இரவுப்பணிச் செவிலியாக அம்மா மாற வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், மாற்று ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மார்பின் வேண்டும்.

செங்கம் பக்கம் ஒரு வீடு. ஓட்டு வீடு, திண்ணையை ஒட்டிய அறையில் ஏழு வயதுப் பெண்குழந்தை. இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்களுக்கு நடுவே மாத்திரையை வைத்து அம்மா நசுக்குவார். தூளில் ஐந்து மில்லி தண்ணீர். ஊசி கழற்றிய சிரிஞ்சில் டாக்டர் எழுதிய அளவை உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுவார். கசப்பு போக ஒரு பனங்கற்கண்டு. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. இரவு அளவு மட்டும் கொஞ்சம் கூடுதல், விடியற்காலை வரை தாங்குவதற்காக. அக்காவின் பழைய கணக்கு நோட்டில் மறுநாளுக்கான நேரங்களை முந்தைய இரவே எழுதிவைத்துவிடுவார். கொடுத்தவுடன் எதிரே ஒரு டிக். இடையில் வலி வந்து கூடுதலாகக் கொடுத்தால் சிவப்புப் பேனா. நான் போனதும் முதலில் பார்ப்பது குழந்தையை அல்ல, அந்த நோட்டைத்தான். ஒரு நாளில் சிவப்பு மூன்றைத் தாண்டினால் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போடுவேன்.

மார்பின் என்றதும் வீடுகளில் மூன்று பயம் எழும். "பிள்ளை அடிமையாகிவிடும்" என்பது முதலாவது. உடல் மருந்துக்குப் பழகும், திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். வலிக்காகக் கொடுப்பது போதைப் பழக்கம் ஆவதில்லை. "சீக்கிரம் கொண்டுபோய்விடும்" என்பது அடுத்தது. வலிக்கு ஏற்ப அளந்து, படிப்படியாகக் கூட்டினால் அப்படி நடப்பதில்லை. முதல் இரண்டு நாள் நிறையத் தூங்கும். வாரக்கணக்கில் தூங்காத குழந்தை தூங்கத்தானே செய்யும். எழுப்பினால் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாகிறது என்றால் மட்டும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அழையுங்கள். மூன்றாவது பயம், "இது கடைசி மருந்து, இதற்குமேல் ஒன்றுமில்லை" என்பது. மார்பினுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. வலி கூடினால் அளவும் கூடும். நிச்சயமாக வரப்போகும் தொல்லை ஒன்று உண்டு. அது மலச்சிக்கல். மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதை மறந்துவிட்டு வயிற்றுவலி என்று ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர்.

சாதாரண வலிமாத்திரைக்கும் மார்பினுக்கும் நடுவே ஏதாவது கொடுக்கலாமே என்று தயங்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கான வலி வழிகாட்டியில் உலக சுகாதார நிறுவனம் 2012-இலேயே அந்த நடுப்படியை எடுத்துவிட்டது. பாராசிட்டமாலுக்கு அடங்காத வலிக்கு அடுத்த படி மார்பின்தான். வாய்வழியாக, கடிகாரப்படி, குழந்தைக்குத் தக்கபடி.

தெருமுனை மெடிக்கலில் அது கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்பினை அவ்வளவு இறுக்கிப் பூட்டிவைத்திருந்தது. 2014-இல் வந்த திருத்தம் பூட்டைத் தளர்த்தியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பல உரிமங்களுக்கு அலையாமல் வைத்திருந்து கொடுக்கலாம். ஆகவே ஊருக்குக் கிளம்புமுன் இரண்டு வார மருந்தாவது கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்து எங்கே வாங்குவது என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் வீடு என்ற தேர்வே கிடையாது.

உதவிக்கு யார் வருவார்கள்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். சென்னையில் குழந்தைகளுக்கென்றே நோய் ஆதரவுப் பணி செய்யும் கோல்டன் பட்டர்பிளைஸ் போன்ற அமைப்புகள் உண்டு. ஆனால் நாங்கள் எல்லோரும் பகலில் வருகிறவர்கள். இரவில் எங்களிடமிருந்து கிடைப்பது குரல் மட்டுமே. அந்தக் குரலாவது கிடைக்குமா, எந்த எண்ணில் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எடுக்காத எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும் குழுவை விட எண்ணே கொடுக்காத குழு தேவலாம்.

வீட்டில் இன்னொரு தொல்லை, பார்க்க வருகிறவர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆப்பிளோடும் வந்து கட்டிலருகே நின்று, "எப்படி இருந்த பிள்ளை!" என்று ஓங்கி அழுவார்கள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். வாசலில் பெரியப்பாவையோ தாய்மாமனையோ காவல் வையுங்கள். யாரை உள்ளே விடுவது, எத்தனை நிமிடம் என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். "பசியோடு போகக்கூடாது, சிஸ்டர். ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்றுங்கள்." கடைசி நாட்களில் உடம்பு அதைக் கேட்பதில்லை. ஏற்றினால் கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும், மூச்சில் கரகரப்பு அதிகமாகும். விழுங்க முடிகிறவரை கேட்டதைக் கொடுங்கள், ஒரு வாய் ஐஸ்கிரீம் என்றாலும். விழுங்க முடியாதபோது பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குங்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போது வாயில் பால் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் குழந்தை புரையேறித் தவிக்கும். பாட்டியிடம், "ஒரு சொட்டை உதட்டில் தடவினால் போதும், ஆயா, பிள்ளைக்குச் சேர்ந்துவிடும்" என்று சொல்வேன். இதுவரை எந்தப் பாட்டியும் மறுக்கவில்லை.

கூடப் பிறந்தவர்களைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், "சின்னப்பிள்ளை, பயந்துவிடும்" என்று. அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. திரும்பி வரும்போது அண்ணன் இல்லை என்றால் அது ஏன் என்று அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்கும்.

வார்டு

இரண்டு மணிக் கேள்விக்கு வார்டு நல்ல பதில் வைத்திருக்கிறது: மருந்து இருக்கும், செவிலி இருப்பார், ரத்தம் கிடைக்கும். இரண்டு ஆண்டு கீமோ எடுத்த குழந்தைக்கு வார்டும் ஒரு வீடுதான். பக்கத்துப் படுக்கைப் பிள்ளைகள், டீ கொண்டுவரும் அண்ணன், மிரட்டுகிற ஆயாம்மா எல்லோரும் அதற்கு உறவு. ஊருக்குப் போன ஒரு பெண்குழந்தை நான்காம் நாளே, "வார்டுக்குப் போகலாம், அங்கே எல்லாருக்கும் மொட்டைதான்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பக்கம் சாயும் என்னை அது கொஞ்சம் நிமிர்த்தியது.

எதிர்ப்பக்கம்: ஒரு குழந்தைக்கு ஒரு துணைதான். குழந்தைகள் வார்டுகள் பலவற்றில் இரவில் ஆண்களை அனுமதிப்பதில்லை. அப்பா வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருப்பார். தங்கை உள்ளே வர முடியாது. அடுத்த படுக்கையில் நேற்றுச் சேர்ந்த குழந்தையின் அம்மா உங்கள் குழந்தையைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் வலி இருக்காது என்ற நம்பிக்கையும் சரியல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனைகளில் பார்த்த குழந்தைகளை இழந்த 103 பெற்றோரிடம் கேட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கடைசி மாதத்தில் 89 சதவீதக் குழந்தைகள் ஏதாவது ஒரு தொல்லையாலாவது கடுமையாக அவதிப்பட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள். வலிக்கு மருந்து பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்குத்தான் அது பலித்தது. அவ்வளவு வசதிகளுக்கு நடுவே. வார்டில் இருப்பதென்று முடிவெடுத்தால் "வலிக்கு யார் பொறுப்பு?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் நோய் ஆதரவுப் பிரிவு இருந்தால் அவர்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கும் பெரிய வார்டுக்கும் நடுவே உள்ளூர் அரசு மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. நெருக்கம், செலவில்லை, அப்பாவும் தங்கையும் வந்துபோகலாம். மார்பின் இருக்கிறதா, குழந்தைக்குக் கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் கிராமத்துக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல இடைவழி கிடையாது.

தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குணமாக வாய்ப்புள்ள குழந்தைக்கு வந்த கிருமித்தொற்றுக்கு அது உயிர் காக்கும் இடம். நோய் முற்றிக் கடைசி நாட்களில் இருக்கும் குழந்தைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். குழாய் போட்டால் பேச்சு நின்றுவிடும். அம்மாவுக்கு ஒரு நாளில் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பத்து நிமிடம். போட்ட வென்டிலேட்டரை எடுப்பதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது, 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். போடாமல் இருப்பதற்கான பேச்சு, போட்டதை எடுக்கும் பேச்சைவிட எவ்வளவோ லேசானது. "எல்லாம் செய்து பார்த்தோம் என்ற பெயராவது இருக்கட்டும்" என்று நிலத்தை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டது பெரும்பாலும் ஊரார்தான்.

ஹாஸ்பிஸ்

"அது சாகிற இடம்தானே" என்று பேச்சைத் தொடங்குமுன்பே முடித்துவிடுவார்கள். குழந்தைகளுக்கென்று முதன்முதலில் 1982-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஹெலன் ஹவுஸ் திறந்தபோது, அதன் முக்கிய வேலையாக இருந்தது பெற்றோருக்குச் சில நாள் ஓய்வு கொடுப்பது. குழந்தை வரும், தங்கும், திரும்பிப் போகும். நம் பக்கத்தில் சென்னையில் ஜீவோதயா, பெங்களூருவில் கருணாஸ்ரயா போன்றவை கட்டணமில்லாமல் நடக்கின்றன. இவை முதன்மையாகப் பெரியவர்களுக்கானவை. குழந்தையைச் சேர்ப்பார்களா, அம்மா அப்பா இருவரும் தங்கலாமா, தங்கை வரலாமா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இரண்டு மணிக் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹாஸ்பிஸுக்குத்தான் முதலிடம். மூச்சுத்திணறல், அடங்காத வலி, புண், ரத்தக்கசிவு இவற்றுக்கு வீட்டையும் வார்டையும்விடப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. குறை, தூரம். சொந்த ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டரில் ஆயாவும் இல்லை, நாய்க்குட்டியும் இல்லை. நான் சொல்வது: குழந்தை நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சேர்க்க வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள். வாசலில் பூச்செடியும் சமையலறையில் ரசம் கொதிக்கும் வாசனையும் இருப்பதைப் பார்த்தவர்கள் பிறகு வேறு மாதிரி பேசுகிறார்கள். வீட்டில் முடியாமல் போனால் அங்கே என்று இரண்டாவது இடமாக அதைக் குறித்து வைப்பதே பெரும்பாலோருக்கு ஏற்ற வழி.

எப்போது கிளம்புவது

வீட்டுக்குப் போவதென்றால், குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நிலையில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். வெளியில் உயிர் போனால் உடலை ஊருக்குள் கொண்டுவரக்கூடாது என்ற வழக்கம் சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பயந்து கடைசி மணி நேரத்தில், குழாயோடு, மூச்சு கொடுக்கும் அம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் போகிறார்கள். வீட்டு வாசலில் இறக்கி, குழாயை எடுக்கிறார்கள். அந்தப் பயணம் யாருக்காக என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

வீட்டில் இருக்கும்போது கைகால் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, சிறுநீர் குறைவது, மூச்சு விட்டுவிட்டு வருவது, தொண்டையில் கரகரப்பு, இவை நெருங்கிவிட்டதன் அடையாளங்கள். கரகரப்பு கேட்பவர்களுக்குத்தான் கொடுமை. குழந்தை அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அந்த நேரத்தில் பதறி 108-க்குப் போன் போட்டால் வருகிறவர்கள் உயிரைக் காப்பாற்ற ஓடுவார்கள், அதுதான் அவர்கள் வேலை. மார்பை அழுத்துவார்கள். ஆகவே நோயின் நிலையையும் என்ன செய்ய வேண்டாம் என்பதையும் டாக்டர் எழுதிய கடிதம் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்த பிறகு அவசரம் ஒன்றும் இல்லை. நோயால் வந்த மரணம், போலீஸ் தேவையில்லை. டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கி, கிராமமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிந்தால் போதும்.

குழந்தையிடம் கேட்டீர்களா?

இத்தனையும் பெரியவர்கள் பேசி முடிவெடுக்கும் கணக்கு. ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் தெரியும். நாம் கதவுக்கு வெளியே குசுகுசுப்பதிலிருந்தே தெரிந்துகொள்ளும். "நான் செத்துப்போவேனா, ஆன்ட்டி?" என்று அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கும்போது என்னிடம் கேட்ட குழந்தைகள் உண்டு. அம்மா அழுவார் என்பதால் அம்மாவிடம் கேட்கவில்லை. "ஏன் அப்படித் தோன்றுகிறது, தங்கம்?" என்று திருப்பிக் கேட்பேன். பிறகு அது பேசும், நான் கேட்பேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஸ்வீடனில் புற்றுநோயால் குழந்தையை இழந்த 429 பெற்றோரிடம் கேட்டு 2004-இல் வெளியிட்டார்கள். குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வருந்தினார்கள். நம் ஊர் வேறு, நம் பேச்சு வேறு; நேருக்கு நேர் அந்தச் சொல்லைச் சொல்ல நமக்கு வராது. பரவாயில்லை. "எங்கே இருக்க உனக்குப் பிடிக்கும்?" என்று மட்டுமாவது கேளுங்கள். செங்கத்துக் குழந்தை அந்தக் கேள்விக்கு யோசிக்காமல், "திண்ணையில். ஸ்கூல் விட்டு எல்லாரும் அந்த வழியாகத்தான் வருவார்கள்" என்றது. கட்டில் திண்ணைக்கு வந்தது. மழைக்குத் தார்ப்பாய் கட்டினார் தாய்மாமன்.

மீதி மார்பினை வீட்டில் வைத்திருக்கக்கூடாது; எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காகப் பதினாறாம் நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். பதினொரு மாத்திரைகளை எண்ணி, கையெழுத்து வாங்கினேன். கணக்குச் சரிபார்க்க நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் இரவு பத்துக்கு எதிரே டிக் இருந்தது. அதற்குக் கீழே காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று அடுத்த நாளுக்கான நேரங்கள் வரிசையாக எழுதியிருந்தன.